ஆர்கன் இல்லாத சபைக்குப் பாமாலை பதிவுசெய்து அனுப்புவது எப்படி

ஒரு சேகரத்தில் (ஒரே குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பில்) ஐந்தாறு ஊர்ச் சபைகள் இருந்தால், ஆர்கன் வாசிக்க ஆள் கிடைப்பது ஒன்றிலோ இரண்டிலோதான். மற்ற ஊர்களில், ஊர்ச் சபையை நடத்தும் ஊழியரான உபதேசியார் எடுத்துக் கொடுக்கும் சுருதியில் பாமாலை, அதாவது மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு, தொடங்கும். மூன்றாம் சரணத்துக்குள் அரைக் கட்டை இறங்கிவிடும். இணையத்தில் நீங்கள் ஏற்றும் பதிவு முதலில் போய்ச் சேர வேண்டியது அந்தச் சபைகளுக்குத்தான். ஆகவே கேட்பவருக்காக அல்ல, கூடப் பாடுபவருக்காக வாசியுங்கள்.

முன்னிசைக்குப் பாட்டின் முதல் அடியும் கடைசி அடியும் போதும். பாட்டு எந்த வேகத்தில் போகுமோ அதே வேகத்தில் வாசிக்க வேண்டும். முன்னிசை முடிவில் அழகுக்காக வேகத்தைக் குறைத்தால், எங்கே தொடங்குவது என்று பாடகர் குழு தடுமாறும். சரணங்களுக்கு நடுவில் விடும் இடைவெளிதான் பெரும்பாலான பதிவுகளில் கெட்டுப்போகிறது. ஆலயத்தில் ஜனங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே வாசிப்போம். பதிவில் எதிரே யாரும் இல்லை. அதனால் இடைவெளி தானாகச் சுருங்கி, நான்காம் சரணம் வரும்போது பாடுபவருக்கு மூச்சே மிஞ்சாது. கடைசி ஸ்வரத்தை அதற்குரிய முழு எண்ணிக்கைக்குப் பிடித்து, கையை எடுத்து, இரண்டு எண்ணிக்கை அமைதி விட்டு அடுத்த சரணத்தைத் தொடங்குங்கள். எல்லாச் சரணங்களுக்கும் அதே இரண்டு எண்ணிக்கைதான். மனதுக்குள் எண்ணாமல், சரணத்தின் சொற்களை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசித்தால் ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சுக்கான இடம் சரியாக விழும்.

மெட்டில் ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வந்தால் மேல் குரலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டுங்கள். நடுக் குரல்களை மட்டும் சேர்த்துப் பிடிக்கலாம். எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தால் தாளம் மறைந்துவிடும். 8.8.8.8 அளவில் (நான்கு அடிகள், அடிக்கு எட்டு அசைகள்) உள்ள பாமாலைகள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு 80 முதல் 92 எண்ணிக்கை சரியாக இருக்கும். இடையன்குடி, மெஞ்ஞானபுரம் போன்ற பெரிய ஆலயங்களில் எதிரொலிக்காக வேகத்தைக் குறைத்து வாசித்துப் பழகிய கை, பதிவிலும் அதையே செய்யும். ஓட்டுக்கூரைச் சிற்றாலயத்தில் அந்தப் பதிவைப் போட்டால் பாட்டு நடக்காது, இழுபடும்.

அடுத்தது சுருதி. மெட்டின் உச்ச ஸ்வரம் நடு ஸி-க்கு மேலே அடுத்த எட்டில் வரும் டி-யைத் தாண்டினால், ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள். காலை ஆராதனையில், தொண்டை திறவாத நேரத்தில், அதற்கு மேல் ஆண்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து ஸ்டாப்புகள், அதாவது ஆர்கனின் ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் விசைகள். அவற்றில் உள்ள அடி என்பது குழாயின் நீள அளவு; அது கூடினால் ஒலி தாழும். முதல் சரணத்துக்கு 8 அடி, 4 அடி ஸ்டாப்புகள் போதும். நடுச் சரணம் ஒன்றுக்கு 8 அடி ஃபுளூட் மட்டும்; கடைசிச் சரணத்துக்கு மிக்ஸ்சரும் (மேல் ஒலிகளைச் சேர்த்துப் பளிச்சென்று ஆக்கும் ஸ்டாப்) காலால் வாசிக்கும் பெடலில் 16 அடியும். ஆனால் 16 அடி ஸ்டாப்பின் அடி ஸி 32.7 ஹெர்ட்ஸ். கைபேசி ஒலிபெருக்கி அதைக் காட்டவே காட்டாது. பெடலில் 8 அடியையும் சேர்த்துப் போட்டால்தான் அங்கே கீழ்க்குரல் கேட்கும். கீபோர்டில் வாசிப்பவர்கள் சர்ச் ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்து, அதிர்வு விளைவை அணைத்துவிட வேண்டும்.

ராகத்தில் அமைந்த தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கார்டு (பல ஸ்வரங்களை ஒருசேர அழுத்துவது) போட்டால் ராகத்தின் அசைவு செத்துப்போகும். இடது கையில் ச-ப மட்டும் மெல்லப் பிடித்து, அடி முடியும் இடத்தில் மட்டும் கார்டு வையுங்கள். பல்லவி எத்தனை முறை திரும்பி வரும் என்பதை முன்பே முடிவுசெய்து விவரத்தில் எழுதுங்கள். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லுங்கள்: ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று.

பதிவுக்கு நேரடி ஒயர் இணைப்பே சிறந்தது. ஆர்கனின் பின்புறம் உள்ள கால் அங்குல ஜாக்குகளிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் கருவியின்) லைன் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி கிழியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. அளவை வைக்கும்போது மெல்லிய இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசிச் சரணத்தின் முழு ஸ்டாப்புகளையும் போட்டு வாசித்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு குமிழைத் தொடவே வேண்டாம். உம்மென்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் (கருவிகளின் எர்த் இரண்டு வழியாக இணைந்து வளையமாவது) காரணம். ஒலி ஒயரில் அந்த வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் விசை உள்ள டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி ஒன்றை ஆர்கனுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஷாக் அடிக்கும், தயவுசெய்து வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் பல ஆர்கன்களில் கரகரப்பு ஏறும். கரண்ட் வரும்வரை காத்திருங்கள்.

கைபேசி மட்டும்தான் இருக்கிறதென்றால், ஆர்கன் பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, பெட்டியின் உயரத்திலேயே ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பல கைபேசிகளில் உள்ள பதிவுச் செயலி ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும்: அடி முடிந்து ஒலி அடங்கும்போது அது வீங்கும், அடுத்த அடியின் முதல் கார்டு நசுங்கும். தானியங்கி அளவை அணைக்க வழி தரும் செயலியைப் பயன்படுத்துங்கள். ஃபேன், சோக் இரையும் டியூப்லைட் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை சட்டப்படி தடை இருப்பதால் இரவு 10-க்குப் பிறகு பதிவுசெய்வது நல்லது. சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை விழா நடக்கும் வாரத்தில் வேறு நாள் பாருங்கள். விடியற்காலையை நம்ப வேண்டாம், காகங்கள் முந்திக்கொள்ளும்.

தலைப்பில் பாமாலை எண், முதல் அடி, மெட்டுப் பெயர், சரணங்களின் எண்ணிக்கை நான்கும் இருக்கட்டும். முதல் அடியை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள். வளைகுடாவிலும் மும்பையிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் அப்படித்தான் தேடுவார்கள். பாடல் வரிகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள், இல்லையென்றால் வெறும் குறிகளாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்ப 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி, ஆவணமாக இணையுங்கள். மூன்று நிமிடப் பாட்டு நான்கரை எம்பிக்குள் அடங்கும். வாய்ஸ் நோட் பேச்சுக்கு ஏற்றது, ஆர்கன் அதில் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும்.

காப்புரிமையில் கவனமாக இருங்கள். இந்தியாவில் பாடல் எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1864இலும், ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1900இலும் மறைந்தார்கள். அவர்கள் பாடல்களுக்குத் தடை இல்லை. ஆனால் பழைய மெட்டுக்குப் புதிய மொழிபெயர்ப்போ புதிய இசையமைப்போ இருந்தால் அதற்குத் தனி உரிமை உண்டு. ஆராதனையில் வாசிக்கச் சட்டம் தரும் விலக்கு, பதிவை ஏற்றுவதற்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய மெட்டுக்கே யூடியூபில் யாராவது உரிமை கோரினால் பதற வேண்டாம். உங்கள் வாசிப்பை வேறொருவர் பதிவென்று இயந்திரம் எடுத்துக்கொள்வது வழக்கம்தான். இசையமைத்தவரின் மறைவு ஆண்டைக் குறிப்பிட்டு மறுப்பு கொடுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும்.

பண்டிகைப் பாட்டுகளைப் பண்டிகை அன்று ஏற்றிப் பயனில்லை, பாடகர் குழு பழக நான்கு வாரமாவது வேண்டும். கிறிஸ்மஸ் கீதங்கள் நவம்பர் நடுவில் கிடைத்தால் கேரல் பவனிக்குள் கைவந்துவிடும். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்த்த ஞாயிறு மார்ச் 28. ஆகவே கிறிஸ்மஸ் முடிந்த கையோடு, ஜனவரி முதல் வாரத்திலேயே லெந்துப் (சாம்பல் புதனில் தொடங்கும் தவக்கால) பாமாலைகளைப் பதிவுசெய்யத் தொடங்குங்கள். பெரிய வெள்ளிப் பாட்டுகளும் உயிர்த்த ஞாயிறு பாட்டுகளும் பிப்ரவரிக் கடைசிக்குள் ஏறிவிட வேண்டும். அறுப்பின் பண்டிகை சேகரத்துக்குச் சேகரம் வேறு நாளில் வரும். சேகரத்துக் குருவான ஐயரிடம் தேதி கேட்டு அதற்கேற்ப ஏற்றுங்கள்.