குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி: ஆய்வுகள் சுட்டிக்காட்டும் தவறுகள்

உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அதில், சட்டைப் பித்தான் போட வராத குழந்தைக்குப் பல வாரங்கள் களிமண் பிசையவும் மணி கோக்கவும் கொடுப்பது ஒரு பரவலான தவறு. விரல் வலுத்தால் பித்தான் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் வருவதில்லை, மணி கோத்த குழந்தை மணி கோப்பதில்தான் தேறுகிறது. கையெழுத்திலும் இதே கதைதான். 2011இல் வெளிவந்த முறையான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, எழுத்துப் பயிற்சியே இல்லாத சிகிச்சைகளும், 20 அமர்வுகளுக்குக் குறைவானவையும் பலன் தரவில்லை என்று கண்டது.

ஆகவே பித்தானையே பழக்குங்கள். பெரிய பித்தான், சற்றுத் தளர்ந்த துளை. துளைக்குள் பித்தானைப் பாதிவரை நீங்கள் நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியையும் குழந்தையிடமே விடுங்கள். சட்டையை மேசைமேல் விரித்துப் பழகுவதோடு நிறுத்திவிடக் கூடாது. உடம்பில் போட்டிருக்கும்போது பார்க்கும் கோணமே மாறிவிடுகிறது. மேசைமேல் மட்டும் பித்தான் போட்டுப் பழகிய குழந்தை அப்போது தடுமாறும்.

ஓரளவு யோசித்துப் பேசக்கூடிய பிள்ளைகளிடம் வழியைச் சொல்லிக்கொடுத்துவிடும் அவசரம் இன்னொரு தவறு. 'குறிக்கோள், திட்டம், செய், சரிபார்' என்ற நான்கு படி முறையில் திட்டம் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டால், "எந்த இடத்தில் நழுவியது? அடுத்த முறை என்ன மாற்றலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கையைப் பிடித்துக் கட்டவைத்தால் வேலை முடிந்துவிடும், கற்றல் நடக்காது.

நேரக் கணக்கையும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி; மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் வரும் சிரமம்) உள்ள குழந்தைகள் கையால் செய்யும் ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட, வீட்டுப் பயிற்சியையும் சேர்த்துச் சுமார் 14 முதல் 25 மணி நேரம் தேவை என்கின்றன ஆய்வுகள். வாரம் ஒருமுறை 45 நிமிடம் மட்டும் என்றால், கீழ் எல்லையைத் தொடவே 19 வாரம் ஆகும். அதனால் வீட்டுப் பயிற்சி சிகிச்சையின் பாதி. அதைக் குடும்பத்தின் அன்றாட ஒழுங்குக்குள் பொருத்தித் தருவது தெரபிஸ்டின் வேலை.

பென்சில் பிடியைத் திருத்துவதில் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. முதிர்ந்த பிடிகள் (எழுதப் பழகியவர்கள் வழக்கமாகப் பென்சில் பிடிக்கும் விதங்கள்) நான்கை ஒப்பிட்டபோது வேகத்திலும் தெளிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலியோ சீக்கிரம் களைப்போ இருந்தால் ஒழிய விட்டுவிடலாம்.

எடை வைத்த மேலங்கி கவனத்தைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. தொடுதல், அசைவு போன்ற புலன் உணர்வுகளைக் குழந்தை கையாளப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சையின் பெயரில் பத்து நிமிடம் ஊஞ்சல் ஆடவிடுவதும் சரியல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பலன் காட்டிய ஒரு சோதனையில் வாரம் மூன்று அமர்வு, பத்து வாரம், தனித்தனி இலக்கு என்று நடத்தினார்கள்.

இலக்கை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். "நுண்தசைத் திறன் (விரல்களின் நுட்பமான அசைவு) மேம்படும்" என்பதை அளக்க முடியாது. "பள்ளிச் சட்டையின் ஐந்து பித்தான்களையும் உதவியின்றி நான்கு நிமிடத்துக்குள் போடுவாள்" என்பதை அளக்கலாம். இலக்கு எவ்வளவு எட்டப்பட்டது என்று மதிப்பிட, எதிர்பார்க்கும் நிலைக்கு 0, அதற்கு மேல் +1, +2, கீழே −1, −2 என்று சிகிச்சை தொடங்கும் முன்பே வரையறுத்துவிடுங்கள்; பிறகு எழுதினால் நடந்ததற்கேற்ப அளவுகோல் வளைந்துவிடும். பதின்பருவத்தினரிடம் இலக்கை நேரடியாகக் கேளுங்கள். அம்மா கையெழுத்தைச் சொல்வார், மகன் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பான். பயிற்சி செய்யப்போவது அவன்தான் என்பதால் சைக்கிளிலிருந்தே தொடங்குங்கள்.