பீங்கான்தானா என்று பார்த்து அறிவது எப்படி?

கடைக்காரர் பீங்கான் என்று சொல்லித் தரும் தட்டு உண்மையில் போர்சலின் என்னும் வெண்மையான, நுண்துளையற்ற வகைதானா என்பதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். நாம் ஊறுகாய் ஜாடியையும் தேநீர்க் கோப்பையையும் பீங்கான் என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஜாடி பெரும்பாலும் ஸ்டோன்வேர் என்னும் தடித்த, ஒளி ஊடுருவாத வேறு வகை.

போர்சலின் என்ற சொல், சோழியைக் குறிக்கும் போர்செல்லானா என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மார்க்கோ போலோவின் பயண நூல் சீனப் பாத்திரங்களையும் அதே சொல்லால் குறித்தது. சோழி ஓட்டின் வழவழப்பும் மினுக்கமும் அவற்றில் இருந்தன. ஆயினும் அந்த மினுக்கத்தை நம்பி வாங்கக் கூடாது. மலிவான மண் தட்டும் கண்ணாடி போன்ற மேற்பூச்சு ஏறினால் அப்படித்தான் மினுங்கும்.

ஆகவே முதலில் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசையைத் தொடும் அடி வளையத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. அங்கே ஒரு துளி நீர் வைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள். சாதாரண மண் பாண்டமானால் துளி உள்ளே இறங்கி, அந்த இடம் கருத்து ஈரம் காட்டும். போர்சலினில் துளி அப்படியே நிற்கும், துடைத்தால் தடமிருக்காது. கயோலின் என்னும் வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்களும் கலந்து ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் சுடும்போது, ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைத்துவிடுவதே இதற்குக் காரணம். கயோலின் என்ற பெயரும், சீனாவின் ஜிங்தெஜென் நகரை அடுத்த காவ்லிங் என்ற மலைப்பகுதியிலிருந்து வந்ததுதான்.

அடுத்து, மெல்லிய விளிம்பை விளக்கின் முன் பிடித்துப் பின்புறம் விரலை அசையுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் நல்ல அறிகுறி. தடித்த தட்டில் இது தெரியாது என்பதால் அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். விரல் நுனியில் ஏந்தி நகத்தால் சுண்டினால் மணியோசை நீளும். மயிரிழை விரிசல் இருந்தால் ஓசை செத்துவிடும். ஓரம் உடைந்த பாத்திரம் கையில் இருந்தால் அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை: போர்சலினில் பூச்சும் உடலும் ஒன்றிக் கண்ணாடி முறிந்ததுபோல் தெரியும், மண் பாண்டத்திலோ சுண்ணாம்புக்கட்டி போன்ற உடல்மேல் பூச்சு தனிக் கோடாகப் படிந்திருக்கும்.

இச்சோதனைகளில், எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் போன் சைனா என்ற வகையும் தேறிவிடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் என்ற பாண்டத் தயாரிப்பாளர் செம்மைப்படுத்திய அதன் கலவையில் ஏறக்குறைய பாதி, மாட்டெலும்புச் சாம்பல். நிறம் சற்றே பாலேடுபோல் இருக்கும். புலால் தவிர்ப்பவர்கள் அடியிலுள்ள முத்திரையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.