ஸ்மார்ட் சாதனங்கள் அறுந்துபோகாமல் ஓட வைஃபையைச் சீரமைப்பது எப்படி? வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும்

ஸ்மார்ட் பல்பு அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் பலரும் முதலில் இணையத் திட்டத்தை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் பல்புக்கு எந்தப் பயனும் இல்லை. பல்பு, பிளக், கதவு சென்சார் எல்லாம் அனுப்பும் தரவு மிகச் சொற்பம். கேமராவைத் தவிர வேறெதற்கும் வேகம் ஒரு பொருட்டே இல்லை. சாதனங்கள் தடுமாறப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்: மூலைக்குச் சிக்னல் எட்டாதது, நெரிசலான சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்), பொருந்தாத பாதுகாப்பு அமைப்பு, ஐபி முகவரிகள் (ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் தரும் எண்) தீர்ந்துபோனது. எது என்று பார்க்காமல் ரவுட்டர் வாங்கினால் அதே கோளாறு புதுப் பெட்டியிலும் தொடரும்.

முதலில் கணக்கெடுங்கள்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த அலைவரிசையில் இருக்கிறது, சிக்னல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சிக்னலை டிபிஎம் அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. கேமராவுக்கு மைனஸ் 65 அல்லது அதைவிட மேல் வேண்டும். பல்பும் சென்சாரும் மைனஸ் 70 வரை ஒழுங்காக ஓடும். மைனஸ் 75க்கும் கீழே இறங்கிவிட்டால் யாராவது ஒரு கதவைச் சாத்தினாலே இணைப்பு அறுந்துவிடும்.

ரவுட்டர் இந்த எண்ணைக் காட்டாவிட்டால் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, சாதனம் இருக்கும் இடத்திலேயே நின்று அளக்கலாம். ஆனால் போனின் ஆன்டெனா நல்லது. சுவிட்ச் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் சாதனத்துக்குப் போன் காட்டுவதைவிட 5 முதல் 10 வரை குறைவாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டி என்றால் இன்னும் மோசம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். மலிவான சில ரவுட்டர்களின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஒரு ரேடியோவுக்கு (ஓர் அலைவரிசையைக் கையாளும் பகுதி) 32 சாதனங்களோடு நிறுத்திக்கொள்ளும். 33ஆவது சாதனம் சேர மறுக்கும்போது எந்தச் செய்தியும் வராது. பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ்தான் களம்

ஸ்மார்ட் சாதனங்களில் பெரும்பான்மை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரவுட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகமோ எல்லா அலைவரிசையையும் கூட்டிச் சொல்வது, அதில் பெரும்பங்கு 5, 6 கிகாஹெர்ட்ஸுடையது. வைஃபை 5 என்ற தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே உரியது. அந்த ரவுட்டர்களின் 2.4 பக்கம் பழைய வைஃபை 4தான். வைஃபை 6 இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும். நெரிசலையும் நன்றாகச் சமாளிக்கும். புதிதாக வாங்குவதென்றால் அது போதும். வைஃபை 7க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசால் பல்புக்கும் பிளக்குக்கும் எந்த லாபமும் கிடைக்காது.

2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அனலைசரில் பார்த்து, இவற்றுள் பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைவாக இருக்கும் ஒன்றைக் கையால் நிர்ணயியுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் ரவுட்டர் திடீரென்று சேனல் மாறும், அப்போது பலவீனமான சில சாதனங்கள் திரும்பி வராது. காலியாகத் தெரிகிறதே என்று 3, 4, 8 என்று போடாதீர்கள். இரு பக்கத்து நெரிசலும் உங்கள் மேல் வந்து விழும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் இருக்கிற இடத்தில் பெரும்பகுதியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

அனுப்பும் திறனை உச்சத்தில் வைப்பதும் உதவாது. ரவுட்டர் கத்துவது பல்புக்குக் கேட்கும். பல்பின் பதில் ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே! சிக்னல் முழுதாகத் தெரிந்தும் சாதனம் பதில் சொல்லாததற்கு இதுவே பல இடங்களில் காரணம்.

பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ3 (வைஃபை குறியாக்கத்தின் புதிய தரம்; டபிள்யூபிஏ2 அதற்கு முந்தையது) மட்டும் என்று வைத்தால் பழைய சாதனங்கள் சேரவே முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலையிலும் சில மலிவான சில்லுகள் குழம்பும். ஆகவே சாதனங்களுக்கென்று 2.4இல் மட்டும் ஒரு தனி நெட்வொர்க் பெயரை உருவாக்கி, அதில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம் வையுங்கள்; பிஎம்எஃப் (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்கான காவல்) என்ற அமைப்பு இருந்தால் அது ‘கட்டாயம்’ என்ற நிலையில் இருக்கக் கூடாது. அப்போதும் ஒரு பழைய சாதனம் அடம்பிடித்தால் 2.4 பக்கம் வைஃபை 6 பயன்முறையை அணைத்துப் பாருங்கள். போனும் லேப்டாப்பும் இருக்கும் முதன்மை நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ3 இருக்கட்டும்.

தனிப் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்தால் சாதனத்தை முதன்முதலில் சேர்க்கும்போது போன் 5இல் நிற்கும், சாதனம் 2.4இல் தேடும், இரண்டும் ஒன்றையொன்று காணாது.

பெயரில் தமிழ் எழுத்தோ எமோஜியோ வேண்டாம். வைஃபை பெயருக்கான இடம் 32 பைட். தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட் எடுக்கும், 10 குறியோடு இடம் முடிந்துவிடும். போதாக்குறைக்குப் பல சாதனங்களின் ஃபர்ம்வேருக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் புரியாது. பாஸ்வேர்டிலும் இடைவெளியையும் சிறப்புக் குறிகளையும் தவிர்த்து, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 16 எழுத்துக்கு மேல் வைத்தால் பாதுகாப்புக்கும் குறைவில்லை.

ஜிக்பீ ஹப் (வைஃபை இல்லாமல் சென்சார், பல்புகளை இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதுவும் இதே 2.4 வெளியில்தான் இருக்கிறது. ஹப்பை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஜிக்பீ சேனல் 25, வைஃபையின் 11க்கும் மேலே இருப்பதால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஹப் யூஎஸ்பி குச்சி வடிவம் என்றால் யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்தத் துளையின் இரைச்சல் இதே அலைவரிசையில் விழும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டாலே தீரும்.

கேபிள் இழுக்க முடிந்த இடத்தில் இழுத்துவிடுங்கள்

சிக்னல் எட்டாத இடத்துக்கு மெஷ் (ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பல பெட்டிகள்) வாங்குவது எளிது. ஆனால் பெட்டிகள் தங்களுக்குள்ளும் கம்பியில்லாமலே பேசினால், அதற்கென்று தனி ரேடியோ இல்லாதவற்றில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்துப்போன இடத்தில் வைப்பதும் பொதுவான தவறு. மைனஸ் 60 அளவுக்கு இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தால்தான் அது முன்னால் கொடுக்க முடியும்.

சிறு அலுவலகத்துக்கு எங்கள் பரிந்துரை கேபிளும் கூரையில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்ட்டும்தான் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி). கேட்6 வகைக் கேபிள், முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு. ஆனால் கேபிள் வழியே மின்சாரம் போகும்போது சூடாகும், மின்னழுத்தமும் இறங்கும். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முனையைப் போடும் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு ஓடும், 1000க்குப் பதில் 100 மெகாபிட்டில். ஸ்விட்சின் (கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) நிர்வாகப் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பார்க்காமல் கூரையை மூடாதீர்கள்.

பிஓஇ ஸ்விட்ச் (கேபிளிலேயே மின்சாரமும் தருவது) வாங்கும்போது துளைகளை மட்டும் எண்ணினால் போதாது. 802.3ஏஎஃப் என்ற தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட், 802.3ஏடி 30 வாட். ஆனால் ஸ்விட்ச் மொத்தமாகத் தரும் வாட்டுக்குத் தனி வரம்பு உண்டு. தலா 8 வாட்டில் நான்கு கேமரா, தலா 12 வாட்டில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட் போட்டால் 56 வாட். 60 வாட் ஸ்விட்ச் மூச்சுத் திணறும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? இரவு விளக்கு எரியும்போது மின்சாரம் போதாமல் போகிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

கேமராக்களைக் கூடியவரை வைஃபையில் ஏற்றாதீர்கள். 1080பி கேமரா ஒன்று நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் இடைவிடாமல் அனுப்பும். எட்டு கேமரா 2.4இல் ஏறினால் மற்றவற்றுக்கு வாய்ப்பே கிடைக்காது.

முகவரியும் பிரிவினையும்

ரவுட்டர் வழங்கும் ஐபி முகவரிகளின் எல்லையைப் பாருங்கள். 192.168.1.100 முதல் 199 வரை என்றால் 100 முகவரி. வீட்டுக்குப் போதும். வாடிக்கையாளர் வந்து போகும் கடையில் காலையில் வந்தவரின் போன் 24 மணி நேரம் முகவரியைப் பிடித்துவைத்திருக்கும். மாலையில் கார்டு இயந்திரத்துக்கு முகவரி இருக்காது. விருந்தினர் நெட்வொர்க்கில் குத்தகை நேரத்தை (முகவரியைப் பிடித்துவைக்கும் நேரம்) 1 மணி நேரமாகக் குறையுங்கள். பிரிண்டர், கேமரா, ரெக்கார்டர் ஆகியவற்றுக்கு ரவுட்டரிலேயே நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் முதன்மை, சாதனங்கள் என இரண்டு பெயர் போதும். அலுவலகத்தில் விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் வசதி) போட்டு நான்காகப் பிரியுங்கள்: அலுவலகம், சாதனங்கள், விருந்தினர், பணம் வாங்கும் இயந்திரங்கள். அலுவலகத்திலிருந்து சாதனங்களுக்குப் போகலாம். சாதனங்களிலிருந்து அலுவலகத்துக்குப் போகக் கூடாது. மற்றவை ஒன்றையொன்று தொடவே கூடாது. கார்டு இயந்திரத்துக்குக் கேபிளே போட்டுவிட்டால் காற்றில் மூன்று பெயரோடு முடியும். ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் 10 முறை தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

பிரித்ததும் ஒரு புகார் வரும்: டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லை, பிரிண்டர் தெரியவில்லை. சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் அழைப்பு விஎல்ஏஎன் எல்லையைத் தாண்டாது. ரவுட்டரில் எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் இருந்தால் அலுவலகம், சாதனங்கள் ஆகிய இரு பிரிவுகளுக்கிடையில் மட்டும் இயக்குங்கள். மேட்டர் (பல நிறுவனங்களுக்கும் பொதுவான ஸ்மார்ட் வீட்டுத் தரம்) சாதனங்களுக்கு ஐபிவி6ம் (புதிய வகை ஐபி முகவரி) வேண்டும். அதை அணைத்துவைத்தால் அவை சேராது. சாதனங்களுக்கு விருந்தினர் நெட்வொர்க்கைக் கொடுத்தவர்கள் ‘தனிமைப்படுத்தல்’ அமைப்பைப் பார்க்க வேண்டும். அது இயங்கினால் போனிலிருந்து நேரடிக் கட்டுப்பாடு நடக்காது.

புது ரவுட்டருக்கு மாறும் நாள்

பழைய நெட்வொர்க்கின் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்து பிசகாமல், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, புது ரவுட்டரின் 2.4 சாதன நெட்வொர்க்குக்குக் கொடுங்கள். பெரும்பாலான சாதனங்கள் மாற்றத்தை உணராமலே வந்து சேர்ந்துவிடும். 40 பல்பை ஏணி போட்டு மீட்டமைக்கும் வேலை மிச்சம். போன்களுக்கும் லேப்டாப்புகளுக்கும் புதுப் பெயர் வையுங்கள்.

இணைய நிறுவனம் தந்த பெட்டியும் ரவுட்டராகவே இயங்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க் உருவாகும். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணையத்தை மட்டும் கடத்தும் நிலை) மாற்றுங்கள்; முடியாவிட்டால் உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலையில் வையுங்கள், விஎல்ஏஎன் பிரிவினையை மட்டும் அப்போது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பழைய பெட்டியின் வைஃபையை அணைக்க மறக்காதீர்கள். டபிள்யூபிஎஸ் (பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதி), யூபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே வெளியிலிருந்து வழி திறந்துகொள்ளும் வசதி) இரண்டையும் அணைத்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

கடைசியில் மெயின் சுவிட்சையே அணைத்துப் போடுங்கள். ரவுட்டர் எழுந்திருக்க 2, 3 நிமிடம் எடுக்கும், பல்புகள் சில நொடிகளில் எழுந்து தேடத் தொடங்கும். 10 நிமிடம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால் தேடிச் சலித்து நின்றுவிட்டவை எவை என்று தெரிந்துவிடும். அவற்றின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதிலும் திருந்தாவிட்டால் ரவுட்டரையும் ஸ்விட்சையும் சிறிய யூபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.