இன்டர்வியூ முடிந்தது, பதில் வரவில்லை: மெடிக்கல் ஸ்கூலுக்குக் காத்திருக்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு கண் போன் மேலேயே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த மாதங்களில் நாங்கள் செய்த தவறுகளில் பாதி, சும்மா இருக்க முடியாமல் செய்தவை.

முதல் தவறு, பதில் வராததையே 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது. எம்.டி. (அங்கே டாக்டருக்கான முதல் பட்டமே அதுதான்) தரும் கல்லூரிகள் பொதுவாக அக்டோபர் 15-க்கு முன்னால் இடம் தருவதில்லை. செப்டம்பரில் இன்டர்வியூ போனவர் அக்டோபர் முதல் வாரத்தில் கலங்குவதில் அர்த்தமே இல்லை. அதற்கப்புறமும் சில கல்லூரிகள் வாரம் ஒரு சிலரைக் கூப்பிடும்; சில மார்ச்சில் ஒரே நாளில் எல்லாருக்கும் சொல்லும். உங்கள் கல்லூரி எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது நான் செய்தது. ஏழு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளுக்குச் சொல்லாமல் ஒரு கல்லூரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்மணி தன்மையாகத்தான் பேசினார்: "விண்ணப்பித்தவரிடம் மட்டும்தான் பேசுவோம், சார்." ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அப்பா, அம்மா, மாமா யாரும் கூப்பிடாதீர்கள். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் பிள்ளையே மின்னஞ்சல் எழுதட்டும்.

கடிதங்களில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். புதுச் செய்தி இருந்தால் எழுதலாம்: ஆய்வுக் கட்டுரை வெளியானது, செமஸ்டர் மதிப்பெண் வந்தது, கிளினிக்கில் புதுப் பொறுப்பு கிடைத்தது. ஒன்றுமே இல்லாமல் 'இன்னும் ஆர்வமாக இருக்கிறேன்' என்று மாதாமாதம் எழுதினால் அது நச்சரிப்பு. சில கல்லூரிகள் கூடுதல் கடிதமே வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கின்றன. அங்கே அனுப்பினால் சொன்னதைப் படிக்காதவர் என்றுதான் தெரியும். 'இடம் தந்தால் கண்டிப்பாக உங்களிடம்தான் சேருவேன்' என்ற கடிதம் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். நாலு இடத்துக்கு அதையே எழுதினால் அது பொய். டாக்டராகப் போகிற பிள்ளை அதில் ஆரம்பிக்க வேண்டாமே.

ஒரு இடம் கிடைத்த சந்தோஷத்தில் பட்டனை மாற்றி அழுத்துவதும் நடக்கும். பல கல்லூரிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் ஆம்காஸ் தளத்தில் 'பிளான் டு என்ரோல்' (சேர நினைக்கிறேன்) கொடுத்தால் மற்ற கல்லூரிகளின் வெயிட்லிஸ்டில் தொடரலாம். 'கமிட் டு என்ரோல்' (உறுதியாகச் சேருகிறேன்) கொடுத்தால் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் விலக வேண்டும். கல்லூரி கேட்கும் தேதிக்கு முன்னால் இரண்டாவதைத் தொட வேண்டிய அவசரம் இல்லை.

அதேபோல, கையில் மூன்று இடம் வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை பிடித்துவைக்கவும் வேண்டாம். ஏப்ரல் 30-க்குள் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பது நடைமுறை. போகப்போவதில்லை என்று தெரிந்த இடத்தை அன்றே விட்டுவிட்டால் வேறொரு வீட்டில் போன் அடிக்கும்.

எங்குமே கிடைக்காமல் போகலாம் என்பதைப் பேசாமல் இருப்பதும் தவறுதான். மறு வருட விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடும். போன விண்ணப்பத்தில் எழுதிய கட்டுரையை அப்படியே ஒட்டாமல், புதிதாக எழுத மார்ச்சிலேயே உட்காருவது நல்லது.

வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் வாய்ஸ்மெயிலைக் காலி செய்து, ஸ்பாம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஏப்ரல் 30-க்கு அப்புறம்தான் அந்தப் பட்டியல் அதிகம் நகரும். ஜூலையில்கூடக் கூப்பிடுவார்கள், அதுவும் தெரியாத நம்பரிலிருந்து.