ஏழைக் குடும்பங்களுக்கு ஆலோசனை: நாம் சறுக்கும் இடங்கள்

குடும்ப ஆலோசகர்களான நாம், ஒரு குடும்பம் மூன்று முறை வரச் சொல்லியும் வரவில்லை என்றால் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். ஒரு அம்மாவைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். அந்த அம்மா, சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர். நான் கொடுத்த நேரம் செவ்வாய் காலை 11 மணி. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு வீட்டுப் பாத்திரம் கிடக்கும். குழுக் கடன் தவணையும் அன்றைக்குத்தான். அவர் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் போட்டுக் கட்ட வேண்டும். அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. ஞாயிறு மாலைக்கு மாற்றினேன், மகனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போதெல்லாம் பிரச்சினையைக் கேட்பதற்கு முன்னால் தவணைக் கிழமையைக் கேட்டுக்கொள்கிறேன்.

‘கணவனும் மனைவியும் தினம் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள்’ என்பது நம் பாடப்புத்தக யோசனை. ஒரே அறையில் மாமியார், மூன்று பிள்ளைகள், ஒரு டிவி. கடைக்கு நடந்துபோகும்போது பேசச் சொன்னால் நடக்கும்.

யாருக்கு யார் என்ன உறவு என்று நாம் வரைந்துகொள்ளும் குடும்ப வரைபடத்தை ரத்த உறவோடு நிறுத்துவதும் தவறு. பிள்ளைக்குச் சாயங்காலம் சோறு போடுவது பக்கத்து வீட்டு அக்கா என்றால், அவரும் படத்தில் இருக்க வேண்டும். மறுகுடியமர்த்தப்பட்டவர்களிடம், பழைய இடத்தில் அந்த அக்கா யார் என்றும் கேளுங்கள். பலருக்கு அறுந்துபோனது அந்த உறவுதான்.

1960களில் நியூயார்க்கில், சிக்கலில் மாட்டிய பையன்களுக்கான விடுதிப் பள்ளியான வில்ட்விக்கில், குடும்ப சிகிச்சை நிபுணர் சால்வடார் மினுச்சின் கவனித்ததும் இதற்குப் பக்கத்து விஷயம். விடுதியில் திருந்திய பையன்கள் வீடு திரும்பியதும் பழையபடி ஆனார்கள். குடும்பத்தையே சேர்த்து உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார். 1965இல் பிலடெல்பியாவுக்குப் போன பிறகு, அந்தப் பகுதி மக்களையே, பட்டம் இல்லாதவர்களை, சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார். நம் ஊரில் இன்னும் பட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறோம்.

என் கணக்கில் பெரிய தவறு, நாமும் இன்னொரு ஆளாகப் போய் அறிவுரை சொல்வது. ‘பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள்’ என்கிறது பள்ளி. ‘வீட்டிலேயே வையுங்கள்’ என்கிறது தொண்டு நிறுவனம். போலீஸ் வேறு ஏதோ சொல்கிறது. அம்மா எல்லோரிடமும் ‘சரிங்க சார்’ என்கிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்களையெல்லாம் ஒரே நாளில் உட்காரவைத்து, அம்மாவை முதலில் பேசவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் ‘லோன்காரன் வந்திருக்கான்’ என்று செய்தி போய், கதவு சாத்தியிருக்கும்.