சோளகத்தில கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தா உடன இறங்காதேங்கோ: சின்னப் போட்டுக்காரர் காத்துப் பாக்கிற முறை

ஆடி ஆவணி லீவு தொடங்கினா எனக்கு வாட்ஸப்பில ஒரே மாதிரிப் படம் வரத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில வல்வெட்டித்துறை இல்லாட்டிப் பொலிகண்டிக் கரையில நிண்டு எடுத்தது, கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கீழ "அண்ணை சூப்பர் வெதர், மாமான்ர போட்டக் கேட்டு ஒரு ரவுண்ட் போவமோ" எண்டு இருக்கும். கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் வந்த பெடியள், அவையளச் சொல்லிக் குற்றமில்ல, படத்தப் பாத்தா எனக்கே இறங்கச் சொல்லும். நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், பக்கத்தில நிக்கிற பனை ஓலை எந்தப் பக்கமா இழுபடுது? கடல் பக்கமா இழுபட்டா அந்தக் கண்ணாடி கொஞ்சத் தூரத்துக்குத்தான்.

வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் எங்களுக்குச் சோளகம், தென்மேற்கில இருந்து வாற காத்து. வடக்குக் கரையில, அதாவது மாதகல், காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எல்லாம், அது தரையில இருந்து கடலுக்கு வீசுது. அலை எழும்பக் காத்துக்குத் தண்ணியில ஓடுற தூரம் வேணும், கரைக்குக் கிட்ட அந்தத் தூரம் இல்ல, அதால சும்மா சிலுசிலுப்புத்தான் தெரியும். நாலைஞ்சு கிலோமீட்டர் வெளிய போனா அதே காத்து அலையைக் கிளப்பி வச்சிருக்கும், திரும்பி வரேக்க முழுக்க அதுக்கு எதிராத்தான் வரவேணும், போகேக்க அரை மணித்தியாலம் எடுத்தது வரேக்க ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும், எண்ணெயும் அப்பிடித்தான்.

அதால என்ர முதல் கேள்வி எப்பவும் காத்து எவ்வளவு எண்டு இல்ல. இந்த இடத்தில இஞ்சின் நிண்டா காத்து என்னை எங்க கொண்டுபோய் விடும்? சோளகத்தில வல்வெட்டித்துறைக்கு நேர நிண்டா வடகிழக்கால இழுத்துக்கொண்டு போகும், அந்தப் பக்கம் வங்காள விரிகுடா, கரை எண்டு ஒண்டும் இல்ல. கொஞ்சம் வடக்கால அள்ளுப்பட்டா 60 கிலோமீட்டருக்கு மேல போய்க் கோடியக்கரைப் பக்கம், நடுவில இந்தியாவோட கடல் எல்லைக்கோடு வேற இருக்கு, தாண்டினா இஞ்சின் பழுதெண்டு சொல்லிப் பாக்கலாம், நம்பிறது நம்பாதது இந்தியப் பக்கத்து ஆக்களிட இஷ்டம். வாடையில இது தலைகீழ். கார்த்திகையில இருந்து தை மாசி மட்டும் வடகிழக்கில இருந்து வாற காத்து உங்களக் கரைக்குத்தான் தள்ளும், ஆனா அந்தக் கரை முருகைக்கல்லு, மணல் இல்ல. அதே வாடைக்குள்ள, தீவுகளுக்குப் போட் எடுக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் போய்ப் பாருங்கோ, அமைதியாக் கிடக்கும், ஏனெண்டா அங்க குடாநாடு மறைச்சு நிக்குது. அங்க இஞ்சின் நிண்டா பாக்குக் குடாவுக்குள்ள கொண்டுபோகும்.

எனக்கு இது பட்டுத்தான் விளங்கினது. ஒரு ஆவணி மாசம் நானும் பெரியப்பான்ர மகனும் 18 அடி பைபர் போட், 15 குதிரை இஞ்சின், மண்ணெண்ணெயில ஓடுறது, தூண்டில் போடப் போனனாங்கள். பத்து மணி மட்டில இஞ்சின் இருமத் தொடங்கி நிண்டிட்டுது, பில்டரக் கழட்டினா அடியில ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி. சரி நங்கூரத்தப் போடுவம் எண்டு போட்டா கயிறு 20 மீட்டர்தான், ஆழம் 12 மட்டில இருக்கும், நங்கூரம் நிலத்தில படுக்காம நட்டுக்கு நிண்டு இழுபட்டுக்கொண்டே வருது. பருத்தித்துறை வெளிச்சவீடு சின்னனாகிச் சின்னனாகி ஒரு குச்சி மாதிரி வந்திட்டுது. வலை வலிச்சுக்கொண்டு வந்த போட் ஒண்டு கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டது, அந்த அண்ணை வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்ல, கரையில இறங்கின பிறகு "கயிறு என்ன விலையடா தம்பி" எண்டு மட்டும் கேட்டார். கயிறு ஆழத்தைப் போல குறைஞ்சது அஞ்சு மடங்கு வேணும், நங்கூரத்துக்குக் கிட்டக் கொஞ்சம் சங்கிலி இருந்தா இன்னும் நல்லம், அப்பதான் அது படுத்துப் பிடிக்கும். எண்ணெய்க் கானையும் முதல்நாளே ஆடாம வச்சிட்டு மேல் எண்ணெயை மட்டும் ஊத்துங்கோ.

இப்ப எதிர்வுகூறல் பாக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடலுக்கெண்டு தனியா ஒண்டு விடும், தரைக்குச் சொல்லுற "வட மாகாணத்தில் மழை" எண்டதப் பாத்திட்டு இறங்கிறதில அர்த்தமில்ல. அதில கரையோரத்தத் துண்டு துண்டாப் பிரிச்சுச் சொல்லுவினம், காங்கேசன்துறையில இருந்து மன்னார்ப் பக்கம் போறது ஒண்டு, முல்லைத்தீவு திருகோணமலைப் பக்கம் போறது இன்னொண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நிக்கிறியள் எண்டு பாத்து வாசியுங்கோ, பருத்தித்துறை முனையில இருக்கிற ஆக்கள் ரெண்டையும் வாசிக்கிறது நல்லம். கடைசியில ஒரு வசனம் வரும், இடிமழை வாற நேரம் அந்த இடத்தில காத்து திடீரெண்டு கூடும், கடல் கொந்தளிக்கும் எண்டு. அது அடிக்கடி வாறதால ஒருத்தரும் வாசிக்கிறதில்ல, ஆனா சித்திரையிலயும் ஐப்பசியிலயும் அந்த வசனந்தான் முக்கியமானது, அதைப் பிறகு சொல்லுறன்.

போனில எல்லாரும் பாக்கிறது வின்டி. நல்ல ஆப்தான், ஆனா முதல்ல செட்டிங்கில போய் காத்து எந்த அளவில காட்டுது எண்டு பாருங்கோ. எங்கட ஒருத்தன் 22 எண்டதக் கிலோமீட்டர் எண்டு நினைச்சு இறங்கினான், அது நொட், கிலோமீட்டரில 41 மட்டில வரும். ஒரு நொட் எண்டா மணிக்கு 1.852 கிலோமீட்டர், மனக்கணக்குக்கு ரெண்டால பெருக்கிக் கொஞ்சம் குறைச்சா சரி. இன்னொண்டு, தென்மேற்குக் காத்து எண்டா தென்மேற்கில இருந்து வாறது, அங்க போறது இல்ல, இதில மாறுபடுற ஆக்கள் நிறைய. காத்து எண்டு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ கஸ்ட் எண்டு இன்னொரு வரி, இடைக்கிட திடீரெண்டு அடிக்கிற காத்தின்ர வேகம் அது, சின்னப் போட்டுக்காரர் கீழ் வரியத்தான் பாக்கவேணும், போட்டப் புரட்டுறது சராசரி இல்ல. ஈசிஎம்டபிள்யூஎஃப், ஜிஎஃப்எஸ் எண்டு எதிர்வுகூறல் கணக்குப் போடுற ரெண்டு மொடலையும் மாத்தி மாத்திப் பாருங்கோ, ரெண்டும் ரெண்டு விதமாச் சொன்னா கூடாததத்தான் நம்பிறது. அலை உயரம் 1 மீட்டர் எண்டு போட்டிருந்தா எல்லா அலையும் 1 மீட்டர் எண்டு இல்ல, எல்லா அலையளுக்குள்ளயும் ஆகப் பெரிய மூண்டில ஒரு பங்கின்ர சராசரி அது, இடைக்கிட ஒண்டு அதைப்போல ரெண்டு மடங்குக்குக் கிட்டவும் வரும்.

என்ர அளவு இதுதான், 18 அடிப் போட்டுக்கு, பழக்கமான ஓட்டியோட. கஸ்ட் 20 கிலோமீட்டருக்குள்ள எண்டா போவன். 30 எண்டா கரையத் தாண்டி வெளிய போகமாட்டன். 40 எண்டா போட்ட இன்னும் மேல இழுத்து வச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவன். காத்து 20 இல இருந்து 40 ஆனா தள்ளுற பலம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதோட எங்கட பாக்கு நீரிணையும் குடாவும் ஆழமில்லாத கடல், ஆழக்கடல் மாதிரி நீண்ட அலை எழும்பாது, கட்டையா, நட்டுக்கு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு அடுக்கா வரும், அணியம், அதாவது போட்டின்ர முன்பக்கம், ஒண்டில ஏறி இறங்க முதலே அடுத்தது வந்து முகத்தில அடிக்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காத்து மற்றப் பக்கமும் எண்டா இன்னும் மோசம். அமாவாசை, பறுவத்துக்குக் கிட்ட ஓட்டம் கூட, அந்த நாளையில ஒடுக்கமான இடங்களில இது நல்லாத் தெரியும்.

ஆப் என்ன சொன்னாலும் கரையில ஒரு கால் மணித்தியாலம் நில்லுங்கோ. தூரத்தில அங்கொண்டு இங்கொண்டா வெள்ளை முறிஞ்சா காத்து 15 கிலோமீட்டர் மட்டில, பாக்கிற பக்கமெல்லாம் முறிஞ்சா 20 ஐத் தாண்டிட்டுது. தை மாசம் எங்கட பக்கம் பட்டம் ஏத்திறது தெரியும்தானே, பொங்கலண்டு வல்வெட்டித்துறையில போட்டியே நடக்கும், அது வாடையில ஏறுறது. விண் (காத்துக்குக் கூவுற நார்) கட்டின பட்டத்த இரவில கட்டி விட்டிட்டுப் படுப்பினம், அது ஒரே சுதியில கூவிக்கொண்டு நிக்கும். பெரியப்பா விடியச் சாமம் எழும்பினா வெளிய வந்து பாக்கமாட்டார், பாயில கிடந்தே கேப்பார், விண் ஒரே சீரா நிண்டாச் சரி, ஏறி இறங்கி விம்மினா காத்து அடிச்சு அடிச்சு வருது எண்டு திரும்பிப் படுத்திடுவார். எந்த ஆப்பிலயும் இல்லாத கஸ்ட் மீட்டர்.

வாடையில எங்கட வடக்குக் கரையில வெளிய போறதிலும் பாக்க உள்ள வாறதுதான் பிரச்சினை. கல்லை வெட்டிப் போட் வந்து போக ஒரு வழி வச்சிருக்கு, அதைத்தான் வான் எண்டுறது, சில இடத்தில ரெண்டு போட் பக்கத்தில பக்கத்தில வரேலாது. வான் வாயில அலை முறியும். வெளிய நிண்டு பாத்தா முதுகுதான் தெரியும், முறியிறது தெரியாது, அதால சின்னனாத் தெரியும். உடன ஓடி வராதேங்கோ. வெளிய இஞ்சினப் பிடிச்சுக்கொண்டு நிண்டு எண்ணுங்கோ, பெரிய அலை நாலைஞ்சு சேந்துதான் வரும், அதுக்குப் பிறகு ஒரு அமைதி வரும். கரையில கோயில், பனை, லைட் போஸ்ட் எண்டு ரெண்டு அடையாளத்த ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வச்சு நேராக்குங்கோ, பேந்து ஒரு அலையின்ர முதுகில ஏறி அதோடயே வாங்கோ, அதத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம், பின்னால வாறது பிடிக்கவும் விடவேண்டாம். ஆக்கள அணியத்தில இருத்தாதேங்கோ, முன்பக்கம் பாரமா இருந்தா அது தண்ணிக்குள்ள குத்தி போட் பக்கவாட்டாத் திரும்பிடும், அங்க திரும்பினாக் கதை முடிஞ்சுது. தெரியாத வானெண்டா அந்த ஊர்ப் போட் ஒண்டு வாறமட்டும் நிண்டு அதுக்குப் பின்னால வாங்கோ, அதில வெக்கமொண்டும் இல்ல.

நெடுந்தீவுக்குப் போறவைக்கு ஒரு விசயம். குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவு தென்மேற்கால கிடக்கு, சோளகத்தில போகேக்க எதிர்க்காத்து, நனைஞ்சு தோய்ஞ்சு போவியள், ஆனா அது ஆபத்துக் குறைஞ்ச பக்கம். திரும்பி வரேக்க அலை பின்னால வரும், சுகமா இருக்கிற மாதிரி இருக்கும், சின்னப் போட் புரளுறது கூடுதலா அப்பதான். இறங்குதுறையில நிண்டு பாத்து முடிவெடுக்காதேங்கோ, ரெண்டு கரையிலயும் தீவுகள் மறைக்கிறதால நடுக்கடல் எப்பிடியெண்டு தெரியாது, அங்க இருந்து இப்ப வந்த போட்டுக்காரரக் கேளுங்கோ. காத்து கடுமையெண்டா பயணிகள் படகையும் நிப்பாட்டிப் போடுவினம், அதால பிளைட்டுக்கு முதல்நாள் நெடுந்தீவு பிளான் போடாதேங்கோ, குதிரையும் பெருக்குமரமும் அடுத்த வருசமும் நிக்கும்.

பங்குனி சித்திரை கடல் படுத்துக் கிடக்கிற காலம், எனக்குப் பிடிச்சதும் அதுதான். ஆனா மத்தியானத்துக்குப் பிறகு தரைப் பக்கம் முகில் கோபுரம் மாதிரி எழும்பும், அடி கறுத்து வரும், திடீரெண்டு ஒரு குளிர்காத்து முகத்தில படும், அது பட்டாப் பத்து நிமிசம் கூட இல்ல. அந்த மாசங்களில விடியப் போய் பன்னிரண்டுக்கு முதல் கரையேறுங்கோ. மின்னலுக்கும் இடிக்கும் இடையில எத்தின செக்கன் எண்டு எண்ணி மூண்டால பிரிச்சா எத்தின கிலோமீட்டர் எண்டு வரும். மாட்டுப்பட்டா தூண்டில் தடியெல்லாம் கீழ வச்சு, எல்லாரும் அடியில இருந்து, அணியத்த அலைக்குக் கொஞ்சம் சரிவாப் பிடிச்சுக்கொண்டு மெதுவா ஓட்டுங்கோ.

ஐப்பசி கடைசியில இருந்து மார்கழி மட்டும் தாழமுக்கக் காலம். 1964 மார்கழியில தனுஷ்கோடிய அழிச்ச புயல், 2008 நிஷா, 2020 புரெவி எல்லாம் இந்த மாசங்களிலதான். காத்துக்கு முதுகைக் காட்டி நிண்டா தாழமுக்கத்தின்ர நடு உங்கட இடக்கைப் பக்கம் இருக்கும், வாடை மெல்ல மெல்லக் கொண்டலா, கிழக்குக் காத்தா, திரும்பினா அது எங்களுக்குத் தெற்கால தாண்டுது, வடமேற்கால திரும்பிக் கச்சானா, மேற்குக் காத்தா, வந்தா வடக்கால தாண்டுது. இது கரையில இருந்து பாக்கிறதுக்கு, கடலில நிண்டு பரிசோதிக்கிறதுக்கு இல்ல. நடு மேலால போகேக்க காத்து நிண்டு வானம் வெளிக்கும், அத நம்பிப் போட்டப் பாக்க ஓடாதேங்கோ, மற்றப் பக்கத்துக் காத்து வரும்.

சாமான் பற்றி நீட்டேல்ல. லைப் ஜக்கெற் போட்டிருக்கவேணும், மடிச்சு அதுக்கு மேல இருக்கிறதில்ல. போன் பொலித்தீன் பையுக்குள்ள, ஆனா கொஞ்சம் வெளிய போனா கவரேஜ் போயிடும், அதால வீஎச்எஃப் கடல் ரேடியோ இருந்தா சானல் 16. ஜிபிஎஸ்ஸில வான் வாயக் குறிச்சு வையுங்கோ. தண்ணி அள்ள வாளி, சவள் (துடுப்பு), டோர்ச், குடிக்கத் தண்ணி.

கரையில ஒருத்தருக்கு எழுதிக் குடுங்கோ, எந்தப் போட், எத்தின பேர், எந்தப் பக்கம், எத்தின மணிக்கு வருவம், அந்த நேரம் தாண்டி ஒரு மணித்தியாலம் ஆனா 117 க்கு அடிச்சு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லு எண்டு. வந்து சேந்த உடன அந்த ஆளுக்குச் சொல்லுறதும் உங்கட வேலை. நான் ஒருக்கா வேற வானால கரையேறி நேர மாமி வீட்ட போய்ச் சாப்பிட்டிட்டு நித்திரை, எழும்பி வந்தா எங்கட கரையில சனம் கூடி நிக்குது, ரெண்டு போட் என்னைத் தேடி வெளிக்கிட்டிட்டுதாம், அம்மா அழுதுகொண்டிருக்கிறா, அந்த ரெண்டு போட்டுக்கும் எண்ணெய் அடிச்சுக் குடுக்க எனக்கு மூண்டு மாசம் எடுத்தது.