அஞ்சு ஸ்டார் வந்ததும் வாடகையை ஏற்றலாமா?

வீட்டை நாள் வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் வீட்டைப் போட்ட புதிதில் நாலைந்து பேர் வரிசையாக 5 ஸ்டார் கொடுத்துவிட்டால் கை சும்மா இருக்காது. உடனே வாடகையில் ஐந்நூறு, ஆயிரம் ஏற்றிவிடுவார்கள். நான் பார்த்தவரை பலரும் சறுக்குவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 5 கொடுத்து, ஒருவர் மட்டும் 2 கொடுத்தால் சராசரி 4.7. நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் 'சூப்பர்ஹோஸ்ட்' பட்டத்துக்கு 4.8 வேண்டும், அது போச்சு. ஐம்பது பேரில் ஒருவர் 2 கொடுத்தாலோ சராசரி 4.94.

வாடகை ஏறினால் அந்த 2 வருவதற்கான வாய்ப்பும் ஏறும். கீசர் சூடாக இருபது நிமிடம் ஆகிறது, பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய் கொடுத்தவர் 'பரவாயில்லை' என்று விட்டுவிடுவார். அதே அறைக்கு 3,000 கொடுத்தவர் இரண்டையும் எழுதிவிட்டுத்தான் போவார். கொடுத்த காசுக்குத் தகுமா என்று அந்தத் தளம் தனியாகவே கேட்கிறது. ஒட்டுமொத்த ஸ்டார், சுத்தம், இடம், விலை என்று தனித்தனியாகக் கேட்கும் இந்த மதிப்பெண்களின் சராசரி அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அதைத் தங்கியவர் தன் மனசில் பட்டபடி போடுகிறார்.

இன்னொரு தவறு, 4.5 என்றால் நல்ல ரேட்டிங் என்று நம்பி மேல்தட்டு விலை வைப்பது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கணக்கெடுத்தபோது ஏர்பிஎன்பி வீடுகளில் கிட்டத்தட்ட 95 சதவீதம் 4.5-க்கு மேலோ 4.5-இலோ இருந்தன. எல்லாரும் மேலே நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் 4.5 என்பது கடைசி வரிசை.

ரேட்டிங் விழுந்ததும் வாடகையைக் குறைப்பவர்களும் உண்டு. புகார் விலையைப் பற்றி என்றால் சரி. படுக்கை விரிப்பில் கறை என்று எழுதியிருந்தால் ஆயிரம் குறைத்தாலும் அடுத்தவர் அதையேதான் எழுதுவார். விரிப்பை மாற்றுங்கள், வாடகை அப்படியே இருக்கட்டும்.

ஸ்மார்ட் பிரைசிங்கை, அதாவது தேவையைப் பார்த்துத் தளமே விலையை ஏற்றி இறக்கும் வசதியை, ஓட விடுபவர்கள் குறைந்தபட்ச விலையைத் தாங்களே போட வேண்டும். சலவை, சுத்தம் செய்பவரின் கூலி, கரண்ட் பில் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் எப்போது ஏற்றுவது? இருபது, இருபத்தைந்து ரிவ்யூ சேரட்டும். முதலில் ஒரு இருநூறு மட்டும் ஏற்றி, காசுக்குத் தகுமா என்ற அந்த மதிப்பெண்ணை அடுத்த ஏழெட்டுப் பேர் வரை பாருங்கள். இறங்கினால் பழைய விலைக்கே போய்விடுங்கள்.